அம்மாவின் சிரிப்புக்கு உரிமம்

2037 மார்ச் 3, காலை 10.10
குரல் சரிபார்ப்பு அறை, வடபழனி. இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும்: நான் சுடர்மதி. வயது பதினாறு. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். மறைந்த நடிகை கலாமணி என் அம்மா. நோயில் கிடந்தபோது முகத்தையும் குரலையும் இந்த விளம்பர நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். இயந்திரம் இப்போது அம்மாவாகப் பேசும். சரியென்றால் பச்சைப் பொத்தான், தவறென்றால் சிவப்பு. வாய் திறக்கத் தேவையில்லாத வேலை. எனக்குப் பிடித்திருக்கிறது.

மார்ச் 9, பகல் 12.40
சிரிப்பு மட்டும் அமையவில்லை. திரும்பத் திரும்பச் சிவப்பு. கண்ணாடிக்கு அப்பாலிருந்து மேலாளர் சேகர் சார் ஒலிபெருக்கியில்: "எங்க தப்புன்னு சொன்னாத்தானே பாப்பா திருத்த முடியும்? வாயில என்ன கொழுக்கட்டையா?"
சிரிக்கும் முன் அம்மா மூச்சை உள்ளே இழுப்பார், விக்கல் மாதிரி. அத்தனை பேர் முன்னால் அதை எப்படி விளக்குவது? கூச்சத்தில், மைக்கில் சிரித்தே காட்டிவிட்டேன்.
"டேய், கலாமணியக்காவே வந்துட்டாங்கடா!" கண்ணாடிக்கு அப்பால் யாரோ கத்தினார்கள்.
இயந்திரம் அதையே சரியான சிரிப்பென்று சேமித்துக்கொண்டது. இந்த அறையில் பதிவாவதெல்லாம் கலாமணியின் குரல்; நிறுவனத்தின் சொத்து.

மார்ச் 15, ஞாயிறு, மாலை 5.05
தங்கை பவித்ரா விடுதியில் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். ஞாயிறுதோறும் கூப்பிடுவேன். நான் கூச்சமில்லாமல் பேசுவது அவளிடம் மட்டும்தான். "பவி" என்றேன். தொடர்பு அறுந்தது.
கைப்பேசியில் நிறுவனத்தின் பதிவுக் குரல்: "உரிமம் இல்லாத கலாமணி குரல். அழைப்பு நிறுத்தப்படுகிறது."
மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசினேன். கட்டைக் குரலில் பேசினேன். அதே பதில்.

மார்ச் 16, காலை 9.30
நடந்ததையும், என் சிரிப்பை நீக்கச் சொல்லியும் எழுதிக் காட்டினேன். ஒலிபெருக்கியில் சேகர் சார்: "மெஷினுக்கு நீயும் அவங்களும் ஒண்ணுதான் பாப்பா. உன் சிரிப்ப எடுத்துட்டா விளம்பரமே போச்சு. கொஞ்ச நாள் பேசாம இரேன். நீ என்னிக்குப் பேசியிருக்க?"

மார்ச் 22, ஞாயிறு, மாலை 5.00
சேகர் சார் சிரித்த முகத்தோடு கைகாட்டினார். "பவிக்கு நானே ஏற்பாடு பண்ணிட்டேன். கேளு." ஹெட்போனை மாட்டினேன்.
"அம்மாவா? நீ செத்துட்டேன்னு அக்கா சொன்னாளே!"
"அக்கா சும்மா சொல்லியிருப்பா, கண்ணு" என்றது இயந்திரம், அம்மாவின் குரலில்.
சிவப்பு அழுத்தினேன். அழைப்பு நிற்கவில்லை. பிழை குறிக்க மட்டும்தான் அந்தப் பொத்தான்.
"அக்கா ஏன் பேசவே மாட்டேங்குறா? எம்மேல கோவமா?"
அம்மா மூச்சை உள்ளே இழுத்தார். சிரித்தார். என் சிரிப்பு.
பவியும் சிரிக்கிறாள்.
சிவப்பு. சிவப்பு. திரையில்: "சிரிப்பு ஏற்கெனவே சரிபார்க்கப்பட்டது. சரிபார்த்தவர்: சுடர்மதி."