அப்பா பெயருக்குக் கீழே

டத்தோ கிராமாட்,
பினாங்கு.
14.8.1988

அன்பு மகள் அருந்ததிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எங்கள் இருவருக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மெல்போர்ன் குளிரில் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தண்ணீர்மலை முருகனிடம் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். மனசு எப்படி என்று கேட்டால் எனக்குக் கோபம். உன் மேல்தான். கடைசிப் பக்கம் வரை தேட வேண்டாம் என்று முதலிலேயே எழுதிவிடுகிறேன். நீ கேட்ட மஞ்சள்தூளும் மிளகாய்த்தூளும் அரைத்து வைத்தாயிற்று, பாகான் டாலாம் சற்குணம் அக்காவின் மகன் அடுத்த மாதம் அங்கே வரும்போது கொடுத்துவிடுகிறேன். கோபம் வேறு, மிளகாய்த்தூள் வேறு.

கல்யாண அட்டைக்கு நீ எழுதி அனுப்பிய வாசகம் வந்தது. அதில் அப்பா பெயருக்குக் கீழே ஓய்வுபெற்ற துறைமுகக் கிளார்க் என்று போட்டிருக்கிறாய். நம் ஆட்கள் அட்டையில் தகப்பன் உத்தியோகத்தைப் போடுவது வழக்கம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ பிறப்பதற்கு முன்னாலேயே அவர் அந்த வேலையை விட்டுவிட்டார். அதற்குப் பிறகு இத்தனை வருடமும் ஹோட்டல் பேண்டில் ஜாஸ் டிரம் வாசித்துத்தான் உன்னை வளர்த்தார், நீ பிளேன் ஏறியதும் அந்தக் காசில்தான். பெண் பேசும்போது சற்குணம் அக்காதான் சிரம்பானில் மாப்பிள்ளை வீட்டில் கிளார்க் என்று சொல்லி வைத்தாள், கொட்டு அடிக்கிறவன் வீட்டுப் பெண் என்று பேச்சு வந்துவிடுமாம். அவள் அப்படித்தான், அவளை விடு. படித்த பிள்ளை நீ, அதைத் திருத்தாமல் உன் கையாலேயே எழுதி அனுப்பியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அப்பா கண்ணாடி போட்டு அதைப் படித்தார், பிள்ளையின் கையெழுத்து இன்னும் அழகாகத்தான் இருக்கிறது என்றார், சாப்பிடப் போய்விட்டார்.

அது நடந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, போன சனிக்கிழமை இங்கே இசைச் சங்கத்தார் ஒரு மண்டபம் எடுத்து மாணவர்களுக்கு அப்பாவைப் பாடம் நடத்தக் கூப்பிட்டிருந்தார்கள். யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று சுவரெல்லாம் போஸ்டர். அப்பாவோடு பேண்டில் ஆரம்பத்திலிருந்து பேஸ் கிதார் வாசித்த சிக்கந்தர் அண்ணன்தான் ஏற்பாடு. முன்வரிசையில் பிள்ளைகள் குச்சியும் கையுமாக இருந்தார்கள், நான் பின்னால் இருந்தேன். அப்பா மைக்கைப் பிடித்து, நான் ஒரு ரிட்டயர்ட் கிளார்க், பொழுதுபோக்காகக் கொஞ்சம் டிரம் வாசிப்பேன் என்று இங்கிலீஷில் சொன்னார். மண்டபமே சிரித்தது, சிக்கந்தர் அண்ணனும் சிரித்தார். தமாஷ் என்று நினைத்துக்கொண்டார்கள். அது உன் அட்டை வாசகம் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

பாடம் எப்படி நடந்தது என்று நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். ரோஹானா என்று ஒரு காலேஜ் பெண், நல்ல கை, ஆனால் தகரக் கூரையில் மழை கொட்டுவது மாதிரி ஒரே சத்தம். அப்பா கையைத் தூக்கி நிறுத்திவிட்டு, நீ வாசிக்கிற இந்தப் பாட்டைப் பாடு பார்க்கலாம் என்றார். அவளுக்கு முதல் வரிக்கு மேல் தெரியவில்லை. பாட்டே தெரியாமல் யாருக்காக அடிக்கிறாய் என்று கேட்டு, ஒவ்வொரு வரியாகத் தானே சொல்லிக்கொடுத்து, வாயால் பாடிக்கொண்டே வாசிக்கச் சொன்னார். ஒரு சுற்று போவதற்குள் சத்தம் பாதியாகிவிட்டது, அவளுக்கே ஆச்சரியம். பிறகு குச்சியை வைத்துவிட்டு, டிரம் தோல்மேல் தேய்க்கிற கம்பி பிரஷ்ஷை எடுத்து, என் மனைவி தோசைக்கல்லில் மாவு சுற்றுகிற மாதிரி சுற்ற வேண்டும், அழுத்தினால் பிய்ந்துவிடும் என்றார். எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். எழுந்து போகலாமா என்று இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

முடிந்ததும் ஒரு பையனின் தகப்பன் வந்து அப்பாவின் கையைப் பிடித்து, எந்தப் பிரிவில் கிளார்க் வேலை பார்த்தீர்கள் என்று நிஜமாகவே கேட்டார். அப்பா கொஞ்சமும் தயங்கவில்லை, துறைமுகத்தில் சரக்குப் பிரிவு என்றார். காரில் வரும்போது நான் பொறுக்காமல், உங்களுக்கு ஏன் இந்தப் புத்தி என்று கேட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், நன்றாகப் படி. கல்யாணத்தன்று வாய் தவறி ஏதாவது வந்துவிட்டால் பிள்ளைக்குத்தானே கஷ்டம், இப்போதிருந்தே சொல்லிப் பழகிக்கொள்கிறேன் லா என்றார். கோபத்தில் சொன்னாலாவது பரவாயில்லை, சிரித்துக்கொண்டே சொன்னார். வீட்டுக்கு வந்து நான் குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

நேற்று காலை பாசாருக்கு மீன் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக அச்சகத்துக்குப் போனேன். பஷீரிடம் அந்த வரியை அடித்துவிட்டு ஜாஸ் டிரம் கலைஞர் என்று போடச் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு இன்னும் தெரியாது. தெரிந்தால், பிள்ளை எழுதினபடியே இருக்கட்டும் என்று ஓடிப்போய் மாற்றிவிட்டு வருவார். இருபத்தாறாம் தேதி வெள்ளிக்கிழமை அட்டை கைக்கு வருகிறது, அதற்குள் நீயே சிரம்பானுக்குப் போன் போட்டு உன் வாயால் சொல். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால் அதை இப்போதே தெரிந்துகொள்வது உனக்கும் நல்லது. நீ சொல்லாவிட்டால் நான் சொல்வேன், நான் சொன்னால் இவ்வளவு பதமாக இருக்காது. உன் அப்பா பொய் சொல்லிப் பழகிக்கொண்டு வந்து நிற்கிற மணவறையில் நான் வந்து நிற்கமாட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்தால் ஈரத்தோடு படுக்காதே. நீ தீர்க்காயுசோடு நல்லபடி வாழ வேண்டும் என்றுதான் இத்தனை கோபத்திலும் கும்பிடுகிறேன். வெள்ளிக்கிழமையை மறக்காதே.

இப்படிக்கு,
டிரம்மர் தியாகராஜாவின் மனைவி,
உன் அம்மா நல்லம்மா