'எல்ஸ்கா' நெருப்பில் பிறக்கவில்லை

உப்சாலா,
12 நவம்பர் 1953

அன்புள்ள அம்மாவுக்கு,

குன்போர்க் வணக்கத்துடன் எழுதுவது. உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

சுவீடிஷ் அகராதி அலுவலகத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. எங்கள் பதிப்பாசிரியர் டாக்டர் வெட்டர்லிண்டை உனக்குத் தெரியாது, தெரியாமலிருப்பதே நல்லது. மேலங்கியைக்கூட அடுத்தவர்தான் மாட்டிவிட வேண்டும், அப்படியொரு பெரிய மனுஷர்! நேசிப்பதைச் சொல்லும் 'எல்ஸ்கா', நெருப்பைக் குறிக்கும் 'எல்ட்' என்பதிலிருந்து வந்ததாம். கூட்டத்தில் கண்ணை மூடிக்கொண்டு உருகினார். தீனி கொடுத்து வளர்ப்பதைச் சொல்லும் பழைய 'ஆலா'விலிருந்துதான் அது வந்திருக்க வேண்டும் என்று நான் ஏடுகளை எடுத்துக் காட்டினேன்.

"அதெல்லாம் உங்க ஊர் மாட்டுக் கொட்டகையில சரிம்மா," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

"எங்க கொட்டகையில தீ வெச்சா அதை யாரும் அன்புன்னு சொல்ல மாட்டாங்க, டாக்டர்," என்றேன்.

சிரிப்பு நின்றது. மறுநாளே சொல் அட்டைகளை அடுக்கச் சொல்லி என்னை நிலவறைக்கு அனுப்பிவிட்டார். கவலைப்படாதே, வேலை போகவில்லை. நேற்று அகராதியின் அச்சுப்படி வந்தது. அதில் நெருப்பைக் காணோம். என் 'ஆலா' இருக்கிறது, அடியில் எழுதியவர் என்று அவர் பெயர்! வெட்கங்கெட்ட மனுஷன், மாடிப்படியில் என்னைப் பார்த்துத் தொப்பியைத் தூக்கி வணக்கம் வேறு வைக்கிறார்.

நிலவறை குளிர்கிறது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பு. நீ காய்ச்சும் ஆட்டுப்பால் கட்டியும் கொஞ்சம். இங்கேயும் கடையில் கிடைக்கிறது. ஆனால் 'ஆலா'வுக்காக அத்தனை பேர் முன்னால் வாதாடிய எனக்கு, 'சாப்பிட்டியா' என்று கேட்க இந்த ஊரில் ஒரு ஆள் இல்லை, அம்மா.

தபால்காரர் வந்துவிட்டார், முடிக்கிறேன்.

உன்
குன்போர்க்