உமரிச் செடிக்கு வைத்த பெயர்

அண்ணா,

காலையில் கல்லூரியிலிருந்து வண்டி வந்து, உங்கள் உலர்செடிக் கட்டுகளையெல்லாம் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அலமாரிகள் காலி. ஆனாலும் முன்னறையில் பாச்சை உருண்டை வாடையும் பழைய காகித வாடையும் அப்படியே நிற்கின்றன. சன்னலைத் திறந்தால் துறைமுகத்துக் கரிப்புகை வந்து அதைக் கலைத்துவிடும். அதனால் மூடியே வைத்திருக்கிறேன்.

கணவர் போய் நான் இந்த இராயபுரம் வீட்டுக்கு வந்தபோது சீமையில் பெரிய சண்டை நடந்துகொண்டிருந்தது. அண்ணி பிரசவத்தில் போய்விட்டதால் நீங்களும் ஒண்டியாக இருந்தீர்கள். கல்லூரியில் நாளெல்லாம் இங்கிலீஷில் தாவரப் பாடம் நடத்திவிட்டு, வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "இன்னாம்மா வடிவு, இன்னிக்கு இன்னா கொழம்பு?" என்பீர்கள். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர் நீங்கள் ஒருவர்தான். தெருவுக்கு நான் புரொபசர் தங்கச்சி. கல்யாண வீடுகளுக்கு, வராமலிருந்தால் நல்லது என்ற ஆள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் என்னையும் ரயிலேற்றி எண்ணூருக்கு அழைத்துப் போவீர்கள். தாலியறுத்த தங்கையைச் சேற்றில் இழுத்துக்கொண்டு அலைகிறார் என்று உறவில் பேசினார்கள். அது உங்களுக்குக் கேட்டதா என்று கடைசிவரை தெரியவில்லை. உப்பளத்துக்கும் கழிமுகத்துக்கும் நடுவே, உப்புப் பூத்த மண்ணில் உமரி மண்டிக் கிடக்கும். நீங்கள் பறித்துக் கொடுப்பீர்கள். சதைப்பற்றான அந்தக் குட்டி இலைகள் நசுங்காமல் நான் உலர்த்துவதற்காகக் காகிதத்தில் பரப்புவேன். உப்பு வாரும் பெண்ணொருத்தி நெடுநேரம் நம்மைப் பார்த்திருந்துவிட்டு, "இத்தப் பறிக்கவா பட்டணத்துலேந்து வந்துகினு கீறீங்க? எங்க பாத்தாலும் இதானே கீது" என்றாள். நீங்கள் சிரித்தீர்கள். அண்ணி போன பிறகு நீங்கள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு கோடையில், மற்ற உமரியெல்லாம் பச்சையாக நிற்க, கழிமுகத்து ஓரத்தில் ஒரு திட்டு மட்டும் செக்கச்செவேலென்று சிவந்திருந்தது. அதன் விதையை லென்சில் வைத்துப் பார்த்தீர்கள். மேல்தோலில் மெல்லிய வரிகள். எனக்கும் காட்டினீர்கள். கிடைத்த புத்தகங்களில் எல்லாம் தேடியும் அப்படியொரு விதை இல்லை. புதுச் செடி என்று முடிவுகட்டி, சீமைப் பத்திரிகைக்கு எழுதி அனுப்பினீர்கள். என்ன பெயர் வைத்தீர்கள் என்று கேட்டதற்கு, அச்சானதும் பார்த்துக்கொள் என்றீர்கள்.

அச்சாகி வந்த அன்று பக்கத்தைப் பிரித்து, செடியின் பெயர் இருந்த இடத்துக்கு அடியில் விரலை வைத்தீர்கள். வடிவு என்ற என் பெயர் லத்தீன் வால் ஒட்டி 'வடிவே' என்றாகியிருந்தது. "கூப்பிடற மாதிரி இருக்குதேண்ணா" என்றேன். அதற்கு மேல் அங்கே நிற்க முடியாமல் அடுப்படிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வருஷம் கல்கத்தாவிலிருந்து பழைய உலர்செடிக் கட்டொன்று பார்வைக்காக இரவலாக வந்தது. அதில் சிந்து மாகாணக் கடற்கரையில் எவரோ ஒரு கப்பல் வைத்தியர் நம் காலத்துக்கு வெகு முன்னால் பறித்துப் பெயரிட்ட உமரி ஒன்று. அன்று மத்தியானம் நீங்கள் சாப்பிட வரவில்லை. நான் முன்னறைக்கு வந்து பார்த்தபோது லென்சைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தீர்கள்.

"வடிவு, ரெண்டும் ஒரே செடிதாம்மா. அதே வரி. மொதல்ல வெச்ச பேருதான் நிக்கும்."

வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டேன். யாரும் இந்தக் கட்டைப் பிரித்துப் பார்க்கப் போவதில்லை, நாம் இருவரும் போகிறவரை அப்படியே கிடக்கும் என்றீர்கள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "உன்னக் கேக்காம எழுத மனசு வரல" என்றீர்கள்.

"எடுத்துடுங்கண்ணா" என்றேன். அன்று விளக்கேற்றுமுன்பே அந்தச் சீமைப் பத்திரிகைக்கு மறுப்பை எழுதி முடித்தீர்கள். தள்ளின பெயரும் புத்தகத்தில் சரியான பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் என்று என்னைத் தேற்றினீர்கள். தேறுதல் உங்களுக்குத்தான் வேண்டியிருந்தது. அதன்பிறகு புதுச் செடி என்று எதையும் நீங்கள் எழுதவில்லை.

போன ஐப்பசியில் டைபாய்டு ஜுரம் உங்களைக் கொண்டுபோயிற்று. கல்லூரியில் இரங்கல் கூட்டம் வைத்தார்கள். பேசியவர் நல்ல மனுஷர்தான். தாம் கண்டுபிடித்ததென்று புதுச் செடி ஒன்றும் இல்லாவிட்டாலும் சிறந்த ஆசிரியர் என்று உங்களைப் பாராட்டினார். கூட்டம் தலையாட்டியது. அவர் சொன்னதில் பொய்யில்லை. கடைசி வரிசையில், பெண்பிள்ளைகளுக்குப் போட்ட நாற்காலிகளில், நான் ஒருத்திதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து சொல்ல வாய்வரை வந்தது. என்னவென்று சொல்ல? ரயிலேறி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

உங்களிடம் அன்று சொல்லாததை இப்போது சொல்கிறேன். எடுத்துவிடுங்கள் என்று நான் சொன்னது மெய். அதே நொடியில், வேண்டாம், இருக்கட்டும் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டதும் மெய். அந்த வலி இன்னும் என்னிடம் இருக்கிறது. அது ஆறிவிடக் கூடாதென்று பார்த்துக்கொள்கிறேன். பறிகொடுத்தால் வலிக்கும்படியாக, இந்த உலகத்தில் வேறு யாரும் எனக்கு எதையும் கொடுத்ததில்லை.