முதலில் யார் வாயைத் திறப்பது

அன்புள்ள பெரியவளுக்கு,

வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குத் தக்கபடி உடுத்தி நீ நன்றாக இருப்பாய் என்று நம்பி எழுதுகிறேன், இங்கே உடம்பில் ஒருவருக்கும் குறையில்லை. தம்பிக்குப் பரீட்சை முடிந்தது, பகலெல்லாம் தூங்குகிறான். குளியலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, குவார்ட்டர்ஸ் ஆள் நாளை நாளை என்கிறார். போன வாரம் போனில் அழுதுகொண்டே கேட்டாயே, "அணுகுண்டு வேண்டாம்னு எல்லா நாடும் பேசுதும்மா, அப்புறம் ஏன் ஒருத்தரும் கீழ வைக்க மாட்டேங்கறாங்க, அதைச் செய்யற எடத்துல அப்பா ஏன் இன்னும் இருக்கார்" என்று. பதில் சொல்ல எனக்குப் படிப்பு போதாது, நடந்ததைச் சொல்கிறேன்.

அப்பா வேலை செய்யும் அறைக்குள் யாரும் தனியாக இருக்கக் கூடாது, இருவராக நுழைந்து, ஒருவர்மேல் ஒருவர் கண் வைத்திருந்து, இருவராகவே வெளியே வர வேண்டும். இத்தனை வருடமும் அவருக்கு ஜோடி கண்ணாடிக்காரர்தான், ஒருவர் இருமினாலே மற்றவருக்குக் காரணம் தெரியும். நீ பேசியதை அப்பா அவரிடம் சொன்னதும், "எனக்கும் போதும்ப்பா, சேர்ந்தே விட்டுடலாம்" என்றார் அவர். இருவரும் போனால் அந்த அறை கொஞ்ச காலமாவது பூட்டிக் கிடக்கும். ஒருவர் மட்டும் போனால் அவருக்கு வேலையும் வீடும் போகும், மற்றவர் புது ஜோடியோடு தொடர்வார், ஒன்றும் நிற்காது. அதனால் திங்கட்கிழமை மேலதிகாரியிடம் சேர்ந்து சொல்வதென்று கைகொடுத்துக்கொண்டார்கள். போய் நின்றார்களாம், அவர் தொடங்கட்டும் என்று இவர், இவர் தொடங்கட்டும் என்று அவர். மேலதிகாரி நிமிர்ந்து, "என்னய்யா, டீச்சர்கிட்ட மாட்டின பசங்க மாதிரி நிக்கறீங்க" என்றிருக்கிறார். இருவரும் சிரித்துவிட்டு, அறையில் விளக்கு மங்கல், மாற்றித் தாருங்கள் என்று கேட்டுவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள். பிறகு அதே அறை, மாலைவரை ஒருவரை ஒருவர் பார்த்தபடி. அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் நம் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

ஒரே டப்பாவில் சாப்பிட்டவர்களுக்கே முடியவில்லை, முகம் பார்க்காத நாடுகள் என்ன செய்யும் சொல். அப்பாவைத் திட்டாதே. அவர் வந்து சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது என்று எழுதத்தான் ஆசை, ஆனால் வீடு போகாது, தம்பி படிப்பு நிற்காது என்று நிம்மதிதான் வந்தது.

இனி இதைப் போனில் கேட்காதே, கண் டாக்டரைப் பார்க்க மறக்காதே. நீ நினைத்தது நடக்கட்டும் என்று மனதார வாழ்த்துகிறேன், நடந்தால் நாங்கள் எங்கே போவோம் என்று அதே மூச்சில் பயப்படுகிறேன். இரண்டும் நான்தான், பொறுத்துக்கொள்.

உன்
அம்மா