பாரூக் முன்மொழிந்த தீர்மானம்

ஸ்ரீவில்லிபுத்தூர்
3.3.2025

அன்புள்ள பாரூக்,

நோன்பெல்லாம் எப்படிப் போகிறது? நௌஷீனும் பிள்ளைகளும் சுகம்தானே? போனில் பேசுகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன். படித்ததும் கிழித்துப் போடு.

நம் மகாராஜபுரம் சோலார் பிளாண்ட்டை ஒன்பது கோடிக்கு வாங்கிக்கொள்ள சென்னைக் கம்பெனி சம்மதித்துவிட்டது. பத்திரத்தில் ஆறு போடுவோம். மீதி மூன்று, ஆலோசனைக் கட்டணம் என்று என் மனைவி ஹம்ஸா பேருக்கும் உன் மனைவி நௌஷீன் பேருக்கும் வந்துவிடும். நம் கம்பெனிக்கு வரியும் குறையும். டைரக்டர்கள் நாம் இரண்டு பேர்தான். மாதக் கடைசிக்குள் வந்து கையெழுத்துப் போட்டுவிடு, ராசா.

உன்
அனந்தபத்மநாபன்


ராஜபாளையம்
7.3.2025

அன்புள்ள அனந்து,

எல்லாரும் சுகம். கடிதத்தைக் கிழிக்கவில்லை.

நிலத்தைக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குப் பதிலாகக் கம்பெனியில் பங்கு வாங்கிய பதினெட்டு வீட்டுக்காரர்களை மறந்துவிட்டாயா? பத்திரத்தில் ஆறு என்றால் அவர்கள் பங்கும் ஆறில்தான். நேற்று காளிராஜ் என் தறிக்கூடத்துக்கே வந்துவிட்டார். "பாய், நீங்க இருக்கியன்னு நம்பித்தான் நெலத்தக் குடுத்தோம். எம்புட்டுக்கு விக்கிய, அதயாவது சொல்லுங்க" என்றார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

பங்குதாரர் கூட்டம் போடு. ஒன்பது என்று சொல்லி, வரியைக் கட்டிவிட்டுப் பிரிப்போம். இல்லையென்றால் என் கையெழுத்து கிடையாது. உன்மேல் எனக்குக் கோபம் கோபமாய் வருகிறது.

பாரூக்


ஸ்ரீவில்லிபுத்தூர்
10.3.2025

பாரூக்,

பெரிய நியாயஸ்தன் ஆகிவிட்டாய், சந்தோஷம். உன் கையெழுத்துதான் என்னிடம் இருக்கிறதே! துணி விற்க ஊர் ஊராகப் போகிறேன் என்று, வருஷா வருஷம் டைரக்டர் கூட்டத்து வெற்று மினிட்ஸ் தாள்களில் நீயாகத்தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாய்? அதில் ஒன்றை நிரப்பிவிட்டேன். 2024 ஜூன் 12, காலை பதினோரு மணி, ராஜபாளையம் ஆபீஸ். விற்கலாம் என்று முன்மொழிந்தது நீ. அன்று நான் ராஜபாளையம் வந்ததற்குப் பெட்ரோல் பில்கூட இருக்கிறது. தேடி எடுத்துத்தான் தேதி போட்டேன்.

இனி யாரிடம் போய்ச் சொன்னாலும் எடுபடாது. வீம்பு பிடிக்காதே.

அனந்தபத்மநாபன்


ராஜபாளையம்
13.3.2025

அனந்து,

வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டது என் மடத்தனம். உன்னை நம்பினேன், அம்புட்டுதான். பதினெட்டு வீட்டுக்கும், வருமான வரி ஆபீசுக்கும் நடந்ததை எழுதிப் போட்டுவிட்டேன், என் தப்பையும் சேர்த்து.

ஜூன் 12 நீ ராஜபாளையம் வந்தது நிஜம். அன்று பதினோரு மணிக்கு நாம் ஆபீசில் இல்லை, மையவாடியில் இருந்தோம். என் அத்தாவை அடக்கம் செய்த நாள் அது. சந்தூக்குக்குத் தோள் கொடுத்து வந்தாய். குழியில் மூன்று கை மண்ணும் போட்டாய்.

கூட்டம் நடக்கவில்லை என்பதற்குச் சாட்சி யார் என்று எழுத வேண்டியிருந்தது. உன் பெயரைத்தான் எழுதியிருக்கிறேன்.

பாரூக்