தேங்காய் எண்ணெய் போட்ட ரிவால்வர்

அக்கா,

இன்று மத்தியானம் பேகம்பூரில், தோல் தைக்கிற பாயின் வீட்டம்மா உங்கள் தோல்பையின் பழைய தையலைப் பிரித்தார். உள்ளிருந்து காறிப்போன தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது. அவர் மூக்கைச் சுளித்துவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்து முடித்ததும் அசதியாக இருந்தது. இப்போதெல்லாம் எதைச் செய்தாலும் அப்படித்தான் இருக்கிறது.

எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். பஞ்சாயத்து அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பார்க்க வந்த புதிதில் உங்களிடம்கூட நிமிர்ந்து பேச வராது. நீங்கள் தலைவி. கண்மாயில் மண் அள்ளிக்கொண்டிருந்த டிராக்டர்களை நீங்கள் மறித்து நிறுத்திய மறுவாரம், உங்கள் தோட்டத்து மல்லிகைச் செடிகளை யாரோ வேரோடு பிடுங்கிப் போட்டார்கள். அடுத்தது ஆள்தான் என்று சொல்லியும் அனுப்பினார்கள். அதற்குப் பிறகுதான் துப்பாக்கி லைசென்ஸுக்கு மனு எழுதச் சொன்னீர்கள். கலெக்டர் அலுவலகத்துக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் அலைந்ததில் இரண்டு மல்லிகைப் பருவம் போனது. பொம்பளைக்கு எதற்கு ரிவால்வர் என்று டீக்கடையில் பேசிச் சிரித்தது நமக்கும் கேட்டது.

மதுரைத் துப்பாக்கிக் கடையில் வாங்கப் போனபோது நானும் கூட வந்தேன். கண்ணாடி மேஜையில் அதை வைத்த கடைக்காரர், "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்று கேட்டார்.

"அவருக்கு எதிரி யாருமில்லைங்க. எனக்குத்தான் இருக்காக" என்றீர்கள்.

உங்கள் விரல்கள் கைப்பிடியைச் சுற்றி எட்டவில்லை. பூத்தொடுத்துப் பழகிய சின்ன விரல்கள். கடையில் இருந்த மெக்கானிக் அந்த மரப்பிடியை இழைத்து இழைத்து மெலிதாக்க, நீங்கள் அவ்வப்போது பிடித்துப் பார்த்தீர்கள். வளையலுக்கு அளவு பார்ப்பதுபோல இருந்தது. அங்கிருந்த உறை எல்லாமே பேண்ட் பெல்ட்டில் மாட்டுகிறவை. சேலைக்கு ஒன்றுமில்லை. அதனால்தான் பேகம்பூருக்குப் போனோம். உங்கள் இடுப்பை அளக்கப் பாய் கூச்சப்பட்டு அவர் வீட்டம்மாவை அழைத்தார். அந்த அம்மா தன் சுருக்குப் பையை எடுத்துக் காட்டி, இதேபோல இடது பக்கம் கொசுவத்தை ஒட்டித் தொங்குகிறமாதிரி தைத்துவிடலாம் என்றார். உடனே அவருக்கே சந்தேகமும் வந்தது.

"முந்தானைக்கு உள்ள இருந்தா அவசரத்துக்கு எடுக்க முடியாதேம்மா?"

"எடுக்கவா வாங்குறேன்?" என்றீர்கள்.

வீட்டுக்குப் போனதும் அரிவாளுக்குப் போடுவதுபோல அதற்கும் தேங்காய் எண்ணெய் போட்டிருக்கிறீர்கள். மார்கழிக் குளிரில் எண்ணெய் உறைந்து, உருளை சுற்றாமல் நின்றுவிட்டது. மறுபடியும் மதுரைக்குப் போனால் கடைக்காரர் முகர்ந்து பார்த்துவிட்டு, "இது தலைக்குத் தேய்க்கிறதில்லம்மா" என்றார். அவர் துடைத்துச் சுத்தம் செய்துவிட்டார். பையின் தோல் குடித்த எண்ணெயை யாராலும் எடுக்க முடியவில்லை.

பையைக் கட்டிய பிறகு டிராக்டர்கள் வரவில்லை. ஊரே உங்கள் இடுப்பைப் பார்த்துப் பேசியது. நான் உங்கள் கண்ணுக்குக் கீழே படர்ந்த கருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கனத்துக்கு ஏற்ப இடது பக்கம் சாய்ந்து நடக்க ஆரம்பித்தீர்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பாதியில் எழுந்தீர்கள். குளிக்கப் போனால் அதை எங்கே வைப்பது என்று கவலைப்பட்டீர்கள்.

எம்.பி. தேர்தல் வந்தது. தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். தேர்தல் நேரத்தில்தான் பகை கூடும். அப்போது பார்த்து வெறுங்கையோடு இருக்கப்போகிறீர்களே என்று நானும் ஸ்டேஷனுக்குக் கூடவே வந்தேன். ஒப்படைத்து ரசீது வாங்கித் திரும்பும்போது, பஸ் கொடைரோட்டைத் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனீர்கள். வாய் லேசாகத் திறந்திருந்தது. இறங்கும் இடத்தில் எழுப்பியபோது சொன்னீர்கள்: "வாங்குன நாள்ல இருந்து இன்னைக்குத்தான் புள்ள கண்ணசந்தேன். வீட்ல ஒரு வாய்ச்சண்டை வந்தாக்கூட, அது எங்கன இருக்குன்னுதான் மொத நெனப்பு ஓடுது."

அலுவலகத்துக்கு வந்ததும் மேஜைக்கடியில் கிடந்த, சாவி தொலைந்த பழைய பூட்டை எடுத்துப் பைக்குள் போட்டீர்கள். நான் புரியாமல் விழித்தேன்.

"கனம் இல்லாட்டி நடை மாறிப்போகும். பாக்குறவன் கண்டுபிடிச்சிருவான்."

தேர்தல் முடிந்து ரிவால்வர் திரும்பி வந்தது. அதைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். கடைசிவரை உங்கள் இடுப்பில் இருந்தது அந்தப் பூட்டுதான் என்பது நம் இரண்டு பேருக்குத்தான் தெரியும்.

யார் யாரோ மிரட்டினார்கள். உங்களைக் கொண்டுபோனது சர்க்கரை. காலில் ஆறாத ஒரு புண். உங்கள் வீட்டுக்காரர் ரிவால்வரை ஸ்டேஷனில் ஒப்படைத்தார். லைசென்ஸில் பையைப் பற்றி ஒன்றும் இல்லை என்று சொல்லி அதை மட்டும் திருப்பிக் கொடுத்தார்களாம். அவர் என்னிடம் தந்தார். பூட்டு உள்ளேயே கிடந்தது, அதை எடுக்காமல் அப்படியே வாங்கிக்கொண்டேன்.

பஞ்சாயத்துத் தேர்தல் நடக்காததால் இப்போது நமக்குத் தலைவர் கிடையாது. தனி அலுவலர் எப்போதாவது வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். டிராக்டர்கள் திரும்ப வந்துவிட்டன. அவற்றின் நம்பரைக் குறித்து மனு எழுதி அனுப்புகிறேன். ரசீது வருகிறது, வேறொன்றும் வருவதில்லை. போன வாரம் டிராக்டரில் இருந்த ஒருவன் என்னைப் பார்த்து, "ஒங்க அக்காவே போய்ச் சேந்துருச்சு, நீ எதுக்கு எழுதிக்கிட்டுக் கெடக்க?" என்றான். குனிந்தபடியே அவன் வண்டி நம்பரைக் குறித்துக்கொண்டேன். எனக்கு நிமிர்ந்து பேச வராது என்று உங்களுக்குத்தான் தெரியுமே.

அதனால்தான் பேகம்பூருக்குப் போனேன். சுடிதாருக்குக் கொசுவம் கிடையாது என்பதால், நாடாவை வெட்டிவிட்டுத் தோள் வார் வைத்துத் தந்தார் அந்த அம்மா. வாசம் போகாது, பரவாயில்லையா என்று கேட்டார். இருக்கட்டும் என்றேன்.

சாயங்காலம் கண்மாய்க் கரை வழியாகத்தான் வந்தேன். அதே ஆள் என் பையைப் பார்த்தான். எஞ்சினை அணைத்தான். நான் ஆலமரத்தைக் கடக்கும்வரை அது அணைந்தே இருந்தது. பிறகு மறுபடியும் ஓட ஆரம்பித்தது. அவ்வளவுதான் அக்கா, உங்கள் காலத்தில் நடந்ததுபோல டிராக்டர்கள் ஓடியெல்லாம் போய்விடவில்லை. நாளைக்கும் அந்த வழியாகத்தான் வர வேண்டும்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டாள், ஏன் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாய் என்று.