சரித்திரப் பாடம் என்று சொன்னவருக்கு

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். வரி மேலே ஏறும், கீழே இறங்கும். சில இடத்தில் பேனா தாளைக் கிழித்திருக்கும். அதற்கு மட்டும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். இதில் எழுதியிருக்கும் மற்ற எதற்கும் கேட்க மாட்டேன்.

இன்று காலை இலஞ்சி விலக்கில் டீ குடிக்கப் போனேன். மின்கம்பத்தில் உமது முதலாம் ஆண்டு நினைவஞ்சலி போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். சாரலில் நனைந்து பசை வாடை அடித்தது. யாரையும் கேட்காமல் நானே வாசித்தேன். உமது பெயர், உமது மகன்கள் பெயர், எல்லாம். இந்த வயதில் சந்தோஷத்தில் நடுரோட்டில் குதிக்கலாம் போல இருந்தது. அதற்குக் கீழே 'நேர்மையின் திருவுருவமே' என்று போட்டிருந்தது. தப்பாக வாசிக்கிறேனோ என்று மறுபடியும் எழுத்துக்கூட்டினேன். அதேதான். பாதி டீயைக் கீழே கொட்டிவிட்டு வந்துவிட்டேன்.

நீர் ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். நான் குற்றாலத்து லாட்ஜில் அறை பெருக்கியவன். அடுத்தடுத்த வீடு. கரண்ட் பில், மருந்துச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, எது வந்தாலும் உம்மிடம்தான் கொண்டுவருவேன். கண்ணாடியை மெதுவாகத் துடைத்து, மெதுவாக மாட்டி, என்னை நிற்கவைத்த பிறகுதான் வாசிப்பீர். முதியோர் வகுப்புக்குப் போகட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "இந்த வயசுல உமக்கு எழுத்து எதுக்கு வேய்? நான் இருக்கேம்லா" என்றீர். அன்றைக்கு அதை அன்பு என்று நினைத்தேன்.

என் பேத்தி பிரியாவின் போன் விஷயத்துக்கு வருகிறேன். மகன் சவூதியில் இருக்கிறான். மருமகள் தென்காசி ஜவுளிக்கடையில் நாளெல்லாம் நின்றுவிட்டு இருட்டித்தான் வருவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு நான்தான் காவல். போனில் டியூஷன் என்று காதில் மாட்டிக்கொண்டு உட்காருவாள். "தாத்தா, கிளாஸ் நடக்கு, பேசாதிய" என்பாள். நான் டிவியை அணைப்பேன். மீன்காரியைத் தெருமுனையிலேயே மறித்து, கத்தாதே என்பேன். ஒருநாள் எட்டிப் பார்த்தால் போனுக்குள் ஆட்கள் ஓடுகிறார்கள், புகை கிளம்புகிறது. சந்தேகப்பட்டு உம்மைக் கூப்பிட்டேன். நீர் குனிந்து போனைப் பார்த்தீர். பிறகு அவளைப் பார்த்தீர். "சரித்திரப் பாடம் வேய். போர்க்களம் எப்படி இருந்துச்சுன்னு படம் போட்டுக் காட்டுதான்" என்றீர். அவளிடம், "ஏட்டி, நல்லாக் கவனி" என்றும் சொன்னீர்.

அதை நான் டீக்கடையில் பெருமையாகச் சொன்னேன். கடையே சிரித்தது. நீர் எனக்கு முன்னாலேயே போய்ச் சொல்லிவைத்திருந்தது எனக்குத் தெரியாது. "அண்ணாச்சி, இன்னைக்கு எந்த ராஜா செத்தான்?" என்று டீ ஆற்றுகிறவன் தினமும் கேட்பான். நான் வீட்டுக்கு வந்து பிரியாவிடம் விசாரித்து, மறுநாள் அவனுக்குப் பதில் சொல்வேன்.

அரையாண்டுப் பரீட்சையில் அவள் எல்லாப் பாடத்திலும் பெயிலாகிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டுச் சொன்னபோதுதான் டியூஷனே இல்லை, எல்லாம் கேம் என்று தெரிந்தது. மகன் சவூதியிலிருந்து கத்தினான். "போனப் பிடுங்கி பீரோல வச்சுப் பூட்டுங்கப்பா. அடுத்த வருசம் ஹாஸ்டல்ல தள்ளிருதேன்."

"நான் மட்டுமா ஏமாத்துனேன்? பக்கத்து வீட்டுத் தாத்தாவுந்தான்" என்றாள் பிரியா.

உம்மிடம் வந்து கேட்டேன். "சின்னப்பிள்ள விளையாடுது. நீர் மீன்காரிய விரட்டுன விரட்டப் பாத்தா, சிரிக்காம என்ன செய்ய?" என்றீர். அப்போதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர். அன்றோடு உம்மிடம் பேச்சை விட்டேன். சாரல் தொடங்கும்போது நீர் போய்ச் சேர்ந்தீர். பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்தேன். சாப்பிட இலையில் உட்காரவில்லை.

பீரோவில் பூட்டியதால் ஒன்றும் நடக்கவில்லை. அவள் பாதிச் சோற்றோடு எழுந்துவிடுவாள். அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் தாழ்போட்டுக்கொள்வாள். கண்டித்தால், "அம்மா மட்டும் படுத்துக்கிட்டு ரீல்ஸ் பாக்கலாமா?" என்பாள். மருமகள் கையை ஓங்கினாள். "அவ கேக்கது நியாயந்தான" என்றேன். இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கிருந்துதான் எங்கள் வீட்டுச் சட்டம் ஆரம்பித்தது. பிரியாவின் போன் பீரோவிலிருந்து வெளியே வந்தது. சாப்பிடும்போது என் பட்டன் போன் உட்பட மூன்று போனும் அரிசி டிரம் மேல் இருக்க வேண்டும். வீட்டுப்பாடம் முடிந்தபின் கொஞ்ச நேரம் விளையாடலாம். ஆனால் முன்னறையில், காதில் மாட்டாமல், என் பக்கத்தில் உட்கார்ந்து.

"பக்கத்துல இருந்து என்னத்தப் பாக்கப் போறிய? ஒங்களுக்குத்தான் வாசிக்கத் தெரியாதே" என்றாள்.

"அப்ப நீ சொல்லிக்குடு."

சொல்லிக்கொடுத்தாள். விளையாடுவதற்கு முன்னால் எனக்குப் பாடம். "தாத்தா, இந்த 'ழ' கால் ஒடிஞ்சு கெடக்கு, மறுபடி எழுதுங்க" என்பாள். பால் பாக்கெட்டில் 'பால்' என்று முதலில் வாசித்தேன். பிறகு தென்காசி பஸ்ஸில் ஏறி, வழியெல்லாம் கடைப் பலகைகளைச் சத்தமாக வாசித்துக்கொண்டு போனேன். "பெரியவரே, போர்டு வாசிக்கவா டிக்கெட் எடுத்திய?" என்று கண்டக்டர் கேட்டார். ஆமாம் என்றேன்.

அப்படி ஒரு சாயங்காலம், அவள் விளையாடும்போது திரையின் ஓரத்தில் வரிகள் வந்தன. தமிழில்தான் இருந்தன. அவள் விரல் அதைத் தள்ளப் போனது. கையைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி, சத்தமாக வாசித்தேன். 'எந்தத் தெரு. போட்டோ அனுப்பு. வீட்டில் சொல்லாதே.' வாசித்து முடிப்பதற்குள் அவள் அழ ஆரம்பித்துவிட்டாள்.

"கேம்ல கூட விளையாடுதவன் தாத்தா, யாருன்னே தெரியாது. ரொம்ப நாளாக் கேட்டுக்கிட்டே இருக்கான். சொன்னா மறுபடி போனப் பூட்டிருவிய, அப்பா ஹாஸ்டல்ல தள்ளிருவாங்கன்னு பயந்து சொல்லல."

"போட்டோ அனுப்புனியா?"

"இல்ல. ஊர் பேரு மட்டும் சொல்லிட்டேன்."

என் கை பீரோச் சாவியைத்தான் தேடியது. எடுக்கவில்லை. மருமகள் வந்ததும் மூன்று பேரும் உட்கார்ந்து அந்த வரிகளைப் படமெடுத்து வைத்தோம். அவன் மறுபடி எழுத முடியாதபடி அடைத்தோம். மறுநாள் மகளிர் காவல் நிலையத்தில் காட்டினோம். மகன் மறுபடியும் ஹாஸ்டல் என்றான். "ஏலே, அவ மறைக்காம சொல்லிட்டா. சொன்ன பிள்ளையத் தண்டிச்சா, நாளைக்கு யாருகிட்டச் சொல்லுவா?" என்றேன். ஹாஸ்டல் பேச்சு அதோடு நின்றது.

உம்மிடம் ஒன்று கேட்க வேண்டும். நான் இன்னும் எழுத்து தெரியாதவனாக இருந்து, அந்த வரிகளை உம்மிடம் கொண்டுவந்து காட்டியிருந்தால் என்னவென்று வாசித்திருப்பீர்? சரியாகவே வாசித்திருப்பீர் என்று நினைத்துப் பார்க்கிறேன். மனசு நம்ப மாட்டேன் என்கிறது. நீர் எனக்கு விட்டுப்போனது அந்தச் சந்தேகம்தான். இப்போது ஒரு துண்டுத் தாள் பறந்து வந்தாலும் நானே வாசித்துப் பார்த்தால்தான் மனசு ஆறுகிறது.

கை வலிக்கிறது. கோபம் இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த வாரம் உட்கார்ந்து எழுதுகிறேன். முன்னறையிலிருந்து பிரியா கூப்பிடுகிறாள்.

"தாத்தா, இங்கன வாங்க. புதுசா ஒருத்தன் என்னமோ எழுதுதான். வந்து வாசிங்க."